இயந்திர வரைவைத் திருத்த 40 பைசா: எப்படிக் கட்டணம் கேட்பது?

சேலம் அம்மாபேட்டையில் வீட்டிலிருந்தே ஆங்கிலம்-தமிழ் மொழிபெயர்ப்பு செய்கிறேன். ஆறு ஆண்டு அனுபவம். பெரும்பாலும் மருத்துவ ஒப்புதல் படிவங்கள், நோயாளிகளுக்கான கையேடுகள்.

சென்ற ஆண்டு வரை சொல்லுக்கு 1 ரூபாய் கிடைத்தது. இந்த ஜனவரியிலிருந்து எனக்கு வேலை தரும் மொழிபெயர்ப்பு நிறுவனம், கணினி மொழிபெயர்த்துத் தந்த வரைவை அனுப்பி, 'திருத்தம் மட்டும்' என்று சொல்லுக்கு 40 பைசா தருகிறது. உண்மையில் அது திருத்தம் அன்று. போன வாரம் காயத்தில் வடியும் சீழைக் குறித்த 'டிஸ்சார்ஜ்' என்ற சொல், 'நோயாளியை வீட்டுக்கு அனுப்புதல்' என்று வந்திருந்தது. படிப்பவர் நோயாளி, இதை எப்படி மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போக முடியும்? வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட்டால் 1,000 சொல்லுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. கையில் வருவது 400 ரூபாய்.

பிழைகளைப் பட்டியலிட்டுக் கட்டணத்தை உயர்த்தக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். வேறு நான்கு நிறுவனங்களுக்கு மாதிரி அனுப்பினேன். இரண்டு பதில் தரவில்லை, இரண்டு இதே விலையைச் சொல்கின்றன. மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் மொழிபெயர்ப்பாளர் தேர்வையும் பார்த்தேன். அது இந்தி-ஆங்கிலத்துக்கானது, எனக்கு இந்தி தெரியாது. சேலத்து மருத்துவமனைகள் சிலவற்றில் நேரில் கேட்டபோது, செவிலியர்களே நோயாளிகளுக்கு விளக்கிவிடுகிறார்கள் என்றார்கள்.

ஒப்பந்தம் இம்மாதக் கடைசியில் புதுப்பிக்கப்படுகிறது. மருத்துவ வரைவுகளைத் திருத்துபவர்கள் சொல்லுங்கள்: சொல் கணக்கை விட்டு மணிக்கணக்கில் கட்டணம் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா, மணிக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்?