விட்ரினைட் எதிரொளிப்பு உயர்ந்திருப்பதற்குக் காரணம் அரிப்பா, பழைய வெப்பப் பாய்வா?

வினா:
வணக்கம். படிவுப் படுகை ஒன்றில் தோண்டிய கிணற்றில், 2,000 மீட்டர் ஆழத்துக் களிப்பாறையின் விட்ரினைட் எதிரொளிப்பு (பாறையிலுள்ள பழந்தாவர எச்சத் துகள்கள் ஒளியைத் திருப்பும் அளவு; பாறை சூடேறச் சூடேற இது உயரும்) 1.0 சதவீதமாக உள்ளது. அங்கு இன்றைய வெப்பநிலை 75 டிகிரி செல்சியஸ். நிலமட்டத்தில் 15 டிகிரி. எதிரொளிப்பு இந்த அளவை எட்ட ஏறத்தாழ 135 டிகிரி வேண்டும். பாறை முன்பு இன்னும் ஆழத்தில் புதைந்திருந்து, மேலிருந்த படிவுகள் பின்னர் அரிக்கப்பட்டுவிட்டனவா, அல்லது அக்காலத்தில் புவியின் உள்ளிருந்து வரும் வெப்பப் பாய்வு மிகுந்திருந்ததா என்பதை எவ்வாறு பிரித்தறிவது?

மறுமொழி 1:
ஒரேயொரு பாறை மாதிரியைக் கொண்டு இதைத் தீர்மானிக்க இயலாது. விட்ரினைட் தான் அடைந்த உச்ச வெப்பத்தைக் காட்டுமே தவிர, அவ்வெப்பம் எதனால் வந்தது என்று காட்டாது. ஆகவே மேல் அடுக்குகளிலிருந்தும் மாதிரிகள் வேண்டும். 1,000 மீட்டரில் இன்று சுமார் 45 டிகிரி இருக்கும். புவிவெப்பச் சாய்வு (ஆழத்துக்கு ஏற்ப வெப்பநிலை உயரும் வீதம்) மாறாமல் அரிப்பு மட்டுமே நிகழ்ந்திருந்தால், அங்கும் அதே 60 டிகிரி கூடுதலாக இருந்து, 105 டிகிரியை எட்டிய பாறை 0.7 சதவீதத்தை ஒட்டிய எதிரொளிப்பைத் தரும். அரிக்கப்பட்ட கனம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் என்றாகும். மாறாக, சாய்வு இருமடங்காக இருந்ததே காரணம் என்றால் அப்பாறை 75 டிகிரியை மட்டுமே கண்டிருக்கும்; எதிரொளிப்பு 0.5 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே நிற்கும். மேலே செல்லச் செல்ல, பழைய உச்ச வெப்பநிலைக்கும் இன்றைய வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு சுருங்குகிறதா, நிலையாக இருக்கிறதா என்பதையே நீங்கள் பார்க்க வேண்டும். ஆனால் ஆழத்தோடு வெப்பநிலை நேர்கோடாக உயரும் என்று எதிர்பார்க்காதீர்கள்: உப்பு வெப்பத்தை எளிதில் கடத்தும், நிலக்கரி கடத்துவது மிகக் குறைவு. சூடான நீர் ஓர் அடுக்கின் வழியே ஓடியிருந்தால், அந்த அடுக்கை ஒட்டி மட்டும் கோடு புடைத்து நிற்கும்.

மறுமொழி 2:
எப்போது குளிர்ந்தது என்பதை அறிய, அருகிலுள்ள மணற்கல்லின் அபடைட் என்ற பாசுபேட் கனிமத்தின் மணிகளில் பிளவுத் தடங்களை அளந்து பாருங்கள். யுரேனியம்-238 தானாகப் பிளவுறுவதால் தோன்றும் இத்தடங்கள் தொடக்கத்தில் சுமார் 16 மைக்ரோமீட்டர் நீளம் கொண்டவை. ஏறத்தாழ 60 டிகிரியிலிருந்து வேகமாகக் குறுகத் தொடங்கி, 120 டிகிரியை நெருங்குகையில் முற்றும் அழிந்துவிடுகின்றன. 2,000 மீட்டர்ப் பாறை அவ்வெல்லையைக் கடந்திருப்பதால், இப்போது எஞ்சியுள்ள தடங்கள் குளிர்ச்சி தொடங்கிய பின் சேர்ந்தவையே. 1,000 மீட்டர் மாதிரியில் குறுகிய தடங்களும் நீண்டவையும் கலந்திருக்கும். அந்த நீளப் பரவலில்தான் குளிர்ச்சியின் வேகம் பதிந்துள்ளது. குளோரின் மிகுந்த அபடைட் கூடுதல் வெப்பத்தையும் தாங்கும் என்பதால் அதன் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வினா எழுப்பியவர்:
நன்றி. களிப்பாறையின் ஒலிவேகப் பதிவும் கைவசம் உள்ளது. அதிலிருந்து அரிப்பின் கனத்தை மதிப்பிடலாமா?

மறுமொழி 1:
மதிப்பிடலாம். அழுந்திய களிமண் பாரம் நீங்கினாலும் பழைய நுண்துளை அளவுக்குத் திரும்பாது. ஆகவே, ஒலி வேகமாகச் செல்வதில் தெரியும், ஆழத்துக்கு மிஞ்சிய இறுக்கம் அரிப்புக்குத் தனிச் சான்றாகும். துளைநீரில் மிகையழுத்தம் இருந்த அடுக்குகளை மட்டும் விலக்கிவிடுங்கள்; அவை ஆழப் புதைந்தும் இறுகாமல் இருந்திருக்கக்கூடும். அதற்கு முன், அந்த 75 டிகிரி துளையிட்டவுடன் அளந்ததா என்று பாருங்கள். சுழலும் சேறு கிணற்றின் அடியைக் குளிர்விப்பதால் உண்மை வெப்பநிலை அதைவிடக் கூடுதலாக இருக்கும். திருத்தாமல் விட்டால், வெப்பநிலையைக் கொண்டு கணிக்கும் அரிப்பின் கனம் மிகையாகவே வரும்.