குடும்பக் குழு: உருண்டையின் பெட்டியில் ஈரம் நிற்கவில்லை

நித்யா (காலை 7:12): சித்தப்பா, ஒரு சந்தேகம். என் ஆமைக்குஞ்சு உருண்டையின் பெட்டியில் ஈரப்பத மீட்டர் 38 சதவீதம் காட்டுகிறது. தண்ணீர் தெளித்தால் 70 வரை ஏறுகிறது, மதியத்துக்குள் பழையபடி இறங்கிவிடுகிறது. நாள் முழுக்கத் தெளித்துக்கொண்டே இருக்க முடியுமா?

சுதா அத்தை (7:20): ஆமைக்கு எதற்கு ஈரம்? சல்காட்டா இன ஆமை என்றால் சஹாரா பாலைவனப் பக்கம் என்று நீதானே சொன்னாய்

கார்த்திக் (7:21): அத்தை சொல்வது நியாயம். ஒட்டகத்துக்கு ஷவர் வைத்த கதை 😂

ரகு சித்தப்பா (7:34): கார்த்திக், கொஞ்சம் சும்மா இரு. அத்தை கேட்டதை எல்லோருமே கேட்பார்கள். சல்காட்டா வாழ்வது சஹாராவின் தெற்கு ஓரம், சரிதான். ஆனால் அங்கே அது பகல் முழுக்க வெயிலில் கிடப்பதில்லை. வளை தோண்டி உள்ளே போய்விடும். வளைக்குள் காற்று வெளியில் இருப்பதைவிட நல்ல ஈரமாக இருக்கும். நாம் வெளியே இருக்கும் வறட்சியை மட்டும் பார்த்துப் பெட்டி கட்டுகிறோம், வளையை விட்டுவிடுகிறோம்.

ரகு சித்தப்பா (7:36): குஞ்சு வறண்ட காற்றில் வளர்ந்தால் ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் மேடு தட்டிக் கூம்பிக்கொள்ளும். பிரமிடிங் என்பார்கள். முன்பெல்லாம் புரதம் அதிகம் கொடுப்பதால்தான் என்று பழியைத் தீனி மேல் போட்டார்கள். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சல்காட்டா குஞ்சுகளை வைத்தே செய்தது. புரதத்தால் பெரிய வித்தியாசம் இல்லை, வறண்ட காற்றில் வளர்ந்தவற்றுக்குத்தான் மேடு அதிகம் என்று தெரிந்தது.

நித்யா (7:41): 📷 படம்
கட்டங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு தெரிகிறதே, அதுதானா?

ரகு சித்தப்பா (7:43): அது புது வளர்ச்சி, பயப்படாதே. பக்கவாட்டில் இருந்து பார். கட்டத்தின் நடுப்பகுதி தூக்கினாற்போல் இருக்கிறதா?

நித்யா (7:46): முதுகில் இரண்டு கட்டம் லேசாக. சரியாகிவிடுமா?

ரகு சித்தப்பா (7:47): வந்த மேடு போகாது. இனி வளர்கிற பகுதி சமமாக வரும், அதைத்தான் பார்க்க வேண்டும். மீட்டரை எங்கே வைத்திருக்கிறாய்?

நித்யா (7:48): விளக்குக்குக் கீழே, சுவரில் ஒட்டியிருக்கிறேன்

ரகு சித்தப்பா (7:55): அங்கே எப்போதும் குறைவாகத்தான் காட்டும். அதே அளவு நீராவி இருந்தாலும் காற்று சூடானால் சதவீதம் இறங்கிவிடும். நிழல் பக்கம், ஆமையின் முதுகு உயரத்தில் வை. முட்டித் தள்ளுவான், கட்டி வை. முள் வைத்த வட்ட மீட்டர் என்றால் அதை நம்பவே நம்பாதே, டிஜிட்டல் வாங்கு.

கார்த்திக் (7:58): டிஜிட்டல் மட்டும் சரியாகக் காட்டும் என்று என்ன உத்தரவாதம்?

ரகு சித்தப்பா (8:03): நல்ல கேள்வி, அதிசயமாக. ஒரு சின்ன மூடியில் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விடு. கரையக் கூடாது, ஈர மணலாக நிற்க வேண்டும். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வை. உள்ளே 75 சதவீதம் இருக்கும். மீட்டர் 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிக்கொள்.

நித்யா (8:05): சரி, இன்றே செய்கிறேன். ஆனால் ஈரம் நிற்க என்ன வழி? மேலே வலைதான் போட்டிருக்கிறேன்

ரகு சித்தப்பா (8:16): விஷயமே அங்கேதான். விளக்கு காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று வலை வழியே நீராவியைத் தூக்கிக்கொண்டு போகிறது. வலையில் முக்கால் பங்கை பிளாஸ்டிக் பலகையால் மூடு. விளக்கு இருக்கும் இடம் மட்டும் திறந்திருக்கட்டும், பலகை அதைத் தொடக் கூடாது.

ரகு சித்தப்பா (8:19): அடுத்தது தரை. எவ்வளவு ஆழம் போட்டிருக்கிறாய்?

நித்யா (8:20): தேங்காய் நார்த்தூள், ஒரு அங்குலம் இருக்கும்

ரகு சித்தப்பா (8:31): போதாது. நான்கு அங்குலமாவது வேண்டும். தெளிப்பானை ஓரமாக வை. பெட்டியின் மூலைகளில் மெல்லத் தண்ணீரை ஊற்று, அது அடியில் பரவும். மேல்பகுதி உலர்ந்தும் அடிப்பகுதி ஈரமாகவும் இருக்கும், அடியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவி வரும். அடித் தூளை ஒரு கை அள்ளிப் பிழிந்து பார். ஓரிரு சொட்டு வந்தால் போதும், ஒழுகினால் ஊற்றியது அதிகம். மேல்பகுதி சொதசொதவென்று இருந்தால் வயிற்றுப் பக்க ஓடு அழுக ஆரம்பிக்கும்.

சுதா அத்தை (8:35): இவ்வளவு ஈரத்தில் சளி பிடிக்காதா?

ரகு சித்தப்பா (8:44): பிடிக்கும், குளிர்ந்தால். ஈரமும் சூடும் சேர்ந்தே இருக்க வேண்டும், குளிரும் ஈரமும்தான் நுரையீரலைக் கெடுக்கும். நித்யா, குஞ்சுக்கு 80 சதவீதம் வைக்கப்போகிறாய் என்றால் இரவிலும் 26 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதே. மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, விசில் மாதிரி சத்தம், இதில் எது வந்தாலும் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விடு. குழுவில் கேட்டுக்கொண்டிருக்காதே.

கார்த்திக் (8:50): புகை மாதிரி பனி விடும் மெஷின் இருக்கிறதே. வீடியோவில் செமையாக இருந்தது

ரகு சித்தப்பா (8:52): வீடியோவுக்கு நன்றாக இருக்கும். அந்த நுண்துளியை நாள் முழுக்க அவன் மூச்சில் இழுக்க வேண்டும், தொட்டியைக் கழுவாவிட்டால் கிருமியோடு சேர்த்து. எனக்குப் பிடிக்காது.

மாலதி (8:57): குறுக்கே வருகிறேன். என் தோழி வீட்டில் ரஷ்ய ஆமை வைத்திருக்கிறாள், அதற்கும் 80தானா?

ரகு சித்தப்பா (9:01): இல்லை மாலதி. வளர்ந்த ரஷ்ய ஆமைக்குப் பெட்டி முழுக்க அவ்வளவு வேண்டாம். ஒளிந்துகொள்ளும் இடத்தில் மட்டும் ஈரம் இருந்தால் போதும். செங்கால் ஆமை காட்டுப் பகுதியில் வாழும் இனம், அதற்கு வளர்ந்த பிறகும் 70, 80 வேண்டும். இனம் தெரியாமல் அளவு சொல்லக் கூடாது.

நித்யா (9:06): ஒளியும் பெட்டிக்குள் பாசி போட்டேன், தின்கிறான்

ரகு சித்தப்பா (9:07): அப்படியென்றால் எடுத்துவிடு, நார்த்தூளே போதும். தினமும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் விடுகிறாய் அல்லவா? தாடை வரைதான் தண்ணீர், தலையைத் தூக்காமலே மூச்சு விட முடிய வேண்டும்.

நித்யா (9:09): விடுகிறேன் சித்தப்பா. அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேன், கார்த்திக்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்

கார்த்திக் (9:10): என்னை யார் கேட்டார்கள்? தூளுக்குள் கையை விட்டால் கடிக்க மாட்டானா?

நித்யா (9:11): சிவப்பாக எதையாவது பார்த்தால்தான் கடிக்க வருவான். உன் சிவப்பு மோதிரத்தைக் கழற்றிவிடு

ரகு சித்தப்பா (9:13): கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிடு. பார்க்க நலமாக இருக்கும் ஆமையிடமும் சால்மோனெல்லா என்ற வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம். கழுவாமல் பாட்டி பக்கம் போகாதே.

பாட்டி (9:20): 🎤 குரல் செய்தி 0:41

கார்த்திக் (9:22): பாட்டி சுருக்கமாகச் சொன்னது: ஆமையைத் தொடாவிட்டாலும் நான் கை கழுவுவதில்லையாம்