மறு: ‘ஸ்கேல்’ செய்வதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியில் ஒரு வடிவத்தைப் பெரிதாக்குவதையும் சிறிதாக்குவதையும் ‘ஸ்கேல்’ செய்வது என்கிறோமே, அதற்குத் தமிழில் ‘பெருக்கு’ என்றே வைத்துவிடலாம் என்று அண்ணன் எழுதியிருந்தார். கணக்குப்படி சரிதான், ஒவ்வொரு புள்ளியின் ஆயத்தொலைவையும் ஓர் எண்ணால் பெருக்குகிறோம். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

திருப்பரங்குன்றத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழி சொல்லித் தருகிறேன். போன வாரம் 5 புள்ளி 5 வரிசைக் கோலத்தின் புள்ளிகளைப் பட்டியலாக எழுதவைத்து, “இதை இரண்டு மடங்கு பெருக்குங்கள்” என்றேன். ஒரு பிள்ளை பட்டியலையே இரண்டால் பெருக்கிவிட்டாள். பைத்தானில் அப்படிச் செய்தால் எண்கள் பெரிதாகாது, பட்டியல்தான் இன்னொரு முறை வரும். 25 புள்ளி 50 ஆனது. கோலம் அதே அளவில் நின்றது. நான் சொன்ன சொல்லைத்தான் அவள் செய்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். கோலம் பெரிதாக வேண்டுமென்றால் புள்ளியைக் கூட்டி 5-ஐ 7 ஆக்கலாம், இல்லாவிட்டால் அதே புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்கலாம் என்றார். நமக்கு வேண்டியது இரண்டாவது. எண்ணிக்கை மாறாது, இடைவெளி மாறும். ‘பெருக்கு’ இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.

‘உருப்பெருக்கம்’ லென்ஸ் பாடத்துச் சொல், 0.5 மடங்காகச் சுருக்கும்போது ‘பெருக்கம்’ என்பது காதுக்கு ஒட்டாது. ‘அளவிடு’ என்றால் அளந்து பார்ப்பது.

அதனால் என் பரிந்துரை ‘அளவுமாற்று’. பத்தாம் வகுப்பில் வடிவொத்த முக்கோணம் வரையும்போதே ‘அளவு காரணி’ வந்துவிடுகிறது. காரணி 1-ஐவிடப் பெரிதானால் விரியும், சிறிதானால் சுருங்கும். சேர்த்தே எழுத வேண்டும், நிரலில் செயற்கூற்றின் (function) பெயரில் இடைவெளி விட முடியாது.

அப்புறம், எந்தப் புள்ளியை அசையாமல் வைப்பது? (2,2), (4,2), (4,4), (2,4) என்ற சதுரத்தை நேரே இரண்டால் பெருக்கினால் அதன் நடு (3,3)-இலிருந்து (6,6)-க்கு ஓடிவிடும். முதலில் நடுவைக் கழித்து, பெருக்கி, மறுபடி நடுவைக் கூட்டினால் மூலைகள் (1,1), (5,1), (5,5), (1,5) என்று அதே இடத்தில் விரியும். இப்படி அசையாமல் நிற்கும் இடத்தை ‘அசையாப்புள்ளி’ எனலாம். ‘மையம்’ வேண்டாம், மூலையை அசையாமல் வைத்தும் விரிக்கலாமே.

கிடைக்கு ஒரு காரணி, நெடுக்குக்கு வேறொரு காரணி கொடுத்தால் வட்டம் நீள்வட்டமாகும். அதற்குச் ‘சீரற்ற அளவுமாற்றம்’ போதும்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை கரும்பலகையில் எழுதிப் போட வேண்டும்.