‘பேட்ரோனிமிக்’: தந்தைவழிப் பெயரா, வழிப்பெயரா? (மர்ஃபியை முன்வைத்து)

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். அயர்லாந்துக் குடும்பப்பெயர்களைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிவரும் நண்பர், ‘பேட்ரோனிமிக்’ (தந்தை அல்லது முன்னோன் ஒருவனின் பெயரிலிருந்து அமையும் பெயர்) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஐயம் எழுப்பினார். அதற்கு இதுவரை ‘தந்தைவழிப் பெயர்’, ‘பெயரன்பெயர்’, ‘குலப்பெயர்’ என மூன்று சொற்கள் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் எதையும் என்னால் முழுமனத்துடன் ஏற்க இயலவில்லை.

> மர்ஃபி என்பது முன்னோன் ஒருவனின் பெயரிலிருந்து வந்தது. ஆகவே ‘தந்தைவழிப் பெயர்’ என்றே கட்டுரை முழுவதும் இடலாமா?

இடக்கூடாது என்பேன். மர்ஃபி என்பது ஆங்கிலத்துக்குள் புகுந்து உருமாறிய வடிவம். ஐரிஷ் மொழியில் அதன் பழைய வடிவங்கள் ‘ஓ முர்கதா’, ‘மக் முர்கதா’ என்னும் இரண்டு; இன்றைய எழுத்துமுறையில் முதலாவது ‘ஓ முர்கூ’ என்று சுருங்கிவிட்டது. (இங்குள்ள ககரத்தை ‘பகல்’ என்பதில் ஒலிப்பதுபோல் இன்னும் சற்று உரசி ஒலித்தால் ஐரிஷ் உச்சரிப்புக்கு ஓரளவு அருகே வந்துவிடலாம்.) முர்கத் என்பது ஓர் ஆளின் இயற்பெயர், கடலைக் குறிக்கும் சொல்லும் போரைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து அமைந்தது. ‘கடல்மறவன்’ என்று நண்பர் பெயர்த்திருப்பது அழகாகவே இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். ‘மக்’ என்றால் மகன். ‘ஓ’ என்றால் பேரன், விரிந்த பொருளில் வழித்தோன்றல். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஓ’வுக்குப் பின் இடப்படும் மேற்காற்புள்ளியைக் கண்டு அது ஏதோ வேற்றுமை உருபின் சுருக்கம் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அது ஐரிஷ் எழுத்தின் மேலிருந்த நெடில் குறி நகர்ந்து வந்து நின்ற கோலம்தான்.

‘மக்’ என்பதும் நம் ‘மகன்’ என்பதும் ஒன்றே என்று ஒரு மடல் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அதுவும் இரண்டாம் நாளே வந்துவிட்டது. ஒலி ஒத்திருப்பது தற்செயல். ஏறத்தாழ 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரையிலான ஓகம் (அயர்லாந்தின் பழைய எழுத்துமுறை) கல்வெட்டுகளில் அந்தச் சொல் ‘மகி’ என்னும் வேற்றுமை வடிவில், ‘இன்னாரின் மகனான இன்னாருடைய’ என்ற வாய்பாட்டில் மீண்டும் மீண்டும் வருகிறது. அதன் வேர் கெல்டிக் மொழிகளுக்குள்ளேயே தெளிவாக இருக்கிறது. வேரைத் தேடிக் குமரிக்கண்டம் வரை போக வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஓகம் கற்கள் நம் கலைச்சொல்லுக்கு வேறொரு வகையில் உதவுகின்றன. அங்கே ‘மகன்’ என்றால் மகன்தான். தலைமுறைதோறும் தந்தையின் பெயர் மாறும், அதனுடன் அடையும் மாறும். தமிழர் தம் பெயருக்குமுன் இடும் தந்தை பெயரின் முதலெழுத்தும் இந்த வகையைச் சேர்ந்ததே. கொற்றனுக்குப் பிறந்த சாத்தன் ‘கொற்றஞ்சாத்தன்’ ஆவதும் இதுவே. இதற்குத் ‘தந்தைப்பெயர்’ அல்லது ‘தந்தைவழிப் பெயர்’ என்பது மிகப் பொருத்தமான சொல். ஐஸ்லாந்துக்காரர்களின் பெயர்முறைக்கும் அதையே ஆளலாம்.

அயர்லாந்தில் 10, 11ஆம் நூற்றாண்டுகளில், இப்படித் தலைமுறைதோறும் மாறிவந்த பெயர் மாறாமல் உறைந்துபோனது. ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப்பெயர் மிக முந்தி வேரூன்றிய நாடுகளுள் அது ஒன்று. 1014இல் குளோன்டார்ஃப் போரில் இறந்த அயர்லாந்து அரசன் பிரியன் போருவின் வழியினர் ‘ஓ பிரியன்’ என்று நிலைத்ததை நண்பரின் கட்டுரையே குறிப்பிடுகிறது. என் வாதத்துக்கு அதைவிட நல்ல சான்று, லென்ஸ்டர் அரசன் டியர்மத் மக் முர்கதா. 1166இல் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியிடம் உதவி வேண்டி, 1169இல் நார்மானியப் படை அயர்லாந்தில் இறங்கக் காரணமானவன் அவன். பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘முர்கத்தின் மகன் டியர்மத்’ என்று வரும். ஆனால் அவனுடைய தந்தை டொன்கத். முர்கத் என்பவன் 1070இல் இறந்த பாட்டன். பாட்டனின் பெயருக்குமுன் ‘மகன்’ என்று நிற்கும் ஓர் அடையைத் ‘தந்தைவழிப் பெயர்’ என்று தமிழில் எழுதினால், படிப்பவர் டியர்மத்தின் குடிவழியையே தவறாக வரைந்துகொள்வார்.

> ‘ஓ’ என்பது பேரன் என்றால் ‘பெயரன்பெயர்’ எனலாமே? நம் ‘பேரன்’ என்பதும் பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்ற பொருளில் ‘பெயரன்’ என்பதன் மரூஉத்தானே?

மிகவும் சுவையான பரிந்துரை, அம்மா. இருந்தும் இரண்டு தடைகள் உள்ளன. ‘மக்’ வகையை அது விட்டுவிடுகிறது. பெண்களையும் விட்டுவிடுகிறது, அது இன்னும் பெரிய குறை. ஐரிஷ் மொழியில் ஓ முர்கூவின் வீட்டில் பிறந்த பெண் ‘நீ வுர்கூ’ ஆகிறாள்: ‘நீ’ என்பது ‘வழித்தோன்றலின் மகள்’ என்பதன் சுருக்கம், அதன்பின் மகரம் மென்மையடைந்து வகரமாகிறது. மணமாகி அவ்வீட்டுக்கு வந்தவளோ ‘பன் ஈ வுர்கூ’, அதாவது அவ்வழியினனின் மனைவி. ஒரே பெயரின் இத்தனை வடிவங்களையும் தாங்கும் சொல்லில் ‘அன்’ விகுதி நுழையக்கூடாது.

‘குலப்பெயர்’ என்பதையும் ஒதுக்க வேண்டும். நம்மிடையே அச்சொல் சாதியை நினைவூட்டும் என்பது ஒருபுறம் இருக்க, மர்ஃபி என்போர் அனைவரும் ஒரே குலத்தினரும் அல்லர். வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் தோன்றிய ஓ முர்கதா வேறு, வடக்கே டைரோனில் தோன்றிய மக் முர்கதா வேறு. முர்கத் என்ற பெயர் அக்காலத்தில் பரவலாக இருந்ததால், வெவ்வேறு முர்கத்துகளின் வழியினர் பின்னர் ஆங்கிலத்தில் ஒரே மர்ஃபியாகக் கலந்துவிட்டனர். இந்தக் கலப்பே அப்பெயரின் பெருக்கத்துக்கும் ஒரு காரணம். 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு பதிவுத்துறை அதிகாரி ராபர்ட் மேத்திசன் கணித்தபோது, அயர்லாந்தில் ஏறத்தாழ 62,600 மர்ஃபிகள் இருந்தனர். அடுத்து வந்த கெல்லிகள் 55,900 பேர். முதலிடம் இன்றும் மாறவில்லை, கார்க் மாவட்டத்தில் அப்பெயர் மிகச் செறிந்து காணப்படுகிறது. நம் வீடுகளில் ஒருகாலத்தில் பாடிய மர்ஃபி வானொலிப் பெட்டிகூட, அந்த நிறுவனத்தை 1929இல் இங்கிலாந்தில் தொடங்கிய இருவருள் ஒருவரான ஃபிராங்க் மர்ஃபியின் பெயரைத் தாங்கியதுதான்.

ஆகவே ‘வழிப்பெயர்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வழித்தோன்றல், வழிவழி என்பவற்றில் வரும் ‘வழி’யே இது. முதல்நூலிலிருந்து பிறப்பதை வழிநூல் என்று இலக்கண நூலார் சொல்வதும் துணைநிற்கிறது. எந்த முன்னோனிடமிருந்து பெயர் கிளைத்ததோ அவனைப் ‘பெயர்முதல்வன்’ எனலாம். டியர்மத்தின் வழிப்பெயர் மக் முர்கதா, அதன் பெயர்முதல்வன் முர்கத், தந்தை டொன்கத். மூன்றும் தனித்தனியே நிற்கின்றன, குழப்பம் இல்லை.

*

மறுமடல்:

ஐயா, விளக்கம் நன்று. ஆயினும் ‘வழிப்பெயர்’ என்றதும் எனக்கு முதலில் தோன்றியது தெருப்பெயர்ப் பலகைதான். ‘மரபுப்பெயர்’ என்றால் இந்த இடர் இராதே? மேலும், மர்ஃபியில் இப்போது ‘ஓ’வும் இல்லை, ‘மக்’கும் இல்லை. அதையும் வழிப்பெயர் எனலாமா?

*

மறுமடல்:

தெருப்பலகை எனக்கும் தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் ‘மரபுப்பெயர்’ என்றால் பார்ப்பு, பறழ், குட்டி, கன்று எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ள பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. இலக்கணத்தில் குடியிருக்கும் சொல்லைக் கிளப்பிவிட்டு அங்கே வேறொன்றைக் குடிவைப்பதைவிட, தெருப்பலகையைச் சகித்துக்கொள்வது எளிது. ‘அவருடைய வழிப்பெயர்’ என்று ஆளோடு சேர்த்து எழுதும்போது பொருள் மயங்காது.

முன்னொட்டு உதிர்ந்தாலும் வழிப்பெயர் வழிப்பெயரே. ஆங்கில ஆட்சி இறுகிய நூற்றாண்டுகளில் ‘ஓ’வும் ‘மக்’கும் பரவலாகக் கைவிடப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சி எழுந்தபோது சல்லிவன்களுள் பலர் மீண்டும் ஓ’சல்லிவன் ஆயினர். மர்ஃபிகளோ ஆங்கிலத்தில் தம் ‘ஓ’வைத் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை.

எனக்கு உண்மையில் இடறுவது ஸ்மித் என்னும் பெயர்தான். 1465இல் டப்ளின், மீத், லவுத், கில்டேர் பகுதிகளில் வாழ்ந்த ஐரிஷ்காரர்கள் ஊர், நிறம், தொழில், பதவி ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. கேவன் மாவட்டத்து ஸ்மித்துகள் பலர் முன்பு ‘மக் கவன்’, அதாவது ‘கொல்லன் மகன்’ என்று பெயர் கொண்டிருந்தவர்கள். மர்ஃபி ஒலிபெயர்ப்பு, ஸ்மித் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் ‘மகன்’ மறைந்து ‘கொல்லன்’ மட்டும் எஞ்சினான். இதை வழிப்பெயர் என்று எழுதத் தயங்குகிறேன். ‘தொழிற்பெயர்’ என்றாலோ அந்த வீட்டிலும் இலக்கணம் குடியிருக்கிறது. ‘தொழில்வழிப் பெயர்’ என்று எழுதிப் பார்த்தேன், மீண்டும் ‘வழி’ வந்து குறுக்கே நிற்கிறது. கட்டுரையின் அடுத்த பகுதிக்குமுன் இதற்கொரு சொல் வேண்டும், யாரேனும் கைகொடுங்கள்.