கிளிமீனைக் காப்பாற்றினால் பவளப்பாறை பிழைத்துவிடுமாம்!

அலைமேகம்: பக்கத்துத் திரியில் ஒரு மேதாவி, "கிளிமீன் பிடிப்பதை நிறுத்தினால் போதும், பவளப்பாறை தானாகத் தேறிவிடும்" என்று எழுதி லைக் அள்ளியிருக்கிறார். கிளி அலகு மாதிரி வாய் உள்ள அந்த மீன் (parrotfish) எதைத் தின்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? நெற்றி புடைத்த பெரிய கிளிமீன் ஒன்றே ஒன்று வருடத்துக்கு 5 டன்னுக்கு மேல் பாறையைக் கடித்துத் தள்ளுகிறது. அதில் ஏறக்குறைய பாதி உயிருள்ள பவளம். பாதி! வேலியே பயிரை மேய்கிறது, நீங்கள் வேலிக்கு மாலை போடுகிறீர்கள்.

கடல்நேசன்: அந்த மேதாவி நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். கிளிமீனில் 90 இனங்களுக்கு மேல் உண்டு. அதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். மற்றவை பெரும்பாலும் செத்த பாறையின் மேல் படரும் பாசியைத்தான் சுரண்டுகின்றன. பவளத்தின் லார்வா, அதாவது நீந்தி வரும் குஞ்சு, வந்து ஒட்ட வெறும் பாறை வேண்டும், பாசி மெத்தையில் ஒட்டாது. கரீபியக் கடலில் இருக்கும் ஜமைக்காவைப் பாருங்கள். கிளிமீனை ஏற்கெனவே வழித்து எடுத்துவிட்டார்கள். பாசி மேய மிச்சமிருந்தது உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடல்முள்ளி என்ற பிராணிதான். 1983-84இல் கொள்ளைநோயில் அதுவும் செத்தது. 1970களின் கடைசியில் பாறையில் பாதிக்கு மேல் இருந்த பவளம், பத்துப் பதினைந்து வருடத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது.

அலைமேகம்: கதை நன்றாக இருக்கிறது. பாதி உயிருள்ள பவளம் என்றேனே, அதற்குப் பதில்?

கடல்நேசன்: உங்கள் நெற்றி புடைத்த மீன் கரீபியக் கடலிலேயே கிடையாது சார். இந்திய, பசிபிக் பெருங்கடல்களில்தான் உண்டு.

அலைமேகம்: அங்கே இருக்கும் பவளம் மட்டும் பவளம் இல்லையா? தவிர, கரீபியக் கிளிமீன்களிலும் உயிருள்ள பவளத்தைக் கடிப்பவை உண்டு. ஆக்டோபஸ் திரியிலும் இப்படித்தான் நழுவினீர்கள். மாட்டிக்கொண்டதும் பதிவையே காணோம்.

உப்புக்கண்டம்: சண்டைக்கு நடுவே ஒரு தகவல். மாலத்தீவில் வக்காரு என்று ஒரு தீவு. அதன் பாறைத்திட்டில் புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன் போட்டது என்று 2015இல் கணக்கிட்டிருக்கிறார்கள். போட்டது என்றால் பின்பக்கமாக. வெள்ளை மணலில் உருண்டு செல்ஃபி எடுப்பவர்கள் கவனிக்க 😂

அலைமேகம்: நன்றி, எனக்கே சாட்சி சொன்னீர்கள். அவ்வளவு மணலும் எதை அரைத்து வந்தது? பாறையைத்தானே!

கடல்நேசன்: செத்த பவளக்கூட்டை ஐயா, செத்த கூட்டை! மூழ்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அலகு பட்ட இடத்தில் நகத்தால் கீறியதுபோல வெள்ளைக் கோடு விழும். நறநறவென்று சத்தம்கூடக் கேட்கும். கடித்ததைத் தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு பல்வரிசை மாவாக்கும். அந்தக் கோடுகள் எங்கே அதிகம் என்று ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.

முத்துக்குளி: இரண்டு பேரும் விட்டது ஒன்று உண்டு: வெப்பம். கடல் சூடானால் பவளம் நிறம் இழந்து வெளுக்கும், நீடித்தால் செத்துவிடும். 2016இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் மோசமாக வெளுத்தது மனித நடமாட்டம் குறைந்த வடபகுதி. அங்கே மீனுக்கா பஞ்சம்? கடல் கொதித்தால் எந்த மீனும் காப்பாற்றாது.

அலைமேகம்: அப்படிப் போடுங்கள். முத்துக்குளியும் என் பக்கம்.

முத்துக்குளி: நான் யார் பக்கமும் இல்லை. பவளம் வெளுத்துச் செத்த இடங்களில் கிளிமீன் பெருகியதாகவும் ஆய்வு உண்டு. செத்த பாறையில்தான் அதற்குத் தீனி. பவளம்தான் முக்கிய உணவு என்றால் பட்டினி கிடந்திருக்குமே? அப்புறம் கடல்நேசன், அது பாசிக்காகச் சுரண்டுவதாகவும் அடித்துச் சொல்லாதீர்கள். பாசியோடு ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதன் குறி என்று 2017இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வாதிட்டது.

கடல்நேசன்: குறி எதுவானால் என்ன, பாறை சுத்தமாகிறதா இல்லையா? கரீபியக் கடலோர நாடான பெலிஸ் 2009இல் கிளிமீன் பிடிக்கத் தடை போட்டது, அதே கடலில் இருக்கும் பொனேர் தீவு 2010இல். அவர்களெல்லாம் வேலை இல்லாதவர்களா?

அலைமேகம்: தடை போட்டதும் பவளம் துள்ளி எழுந்துவிட்டதா? அதைச் சொல்லுங்கள். அதோடு, பாதி உயிருள்ள பவளம். நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

உப்புக்கண்டம்: மூன்றாவது.

அலைமேகம்: நீங்கள் மணல் எண்ணுங்கள் தம்பி, அதுவே போதும்.

கடல்நேசன்: சில கிளிமீன்கள் இரவில் சளியால் உறை கட்டி அதற்குள் தூங்கும். நீங்களும் ஒன்று கட்டிக்கொண்டு படுங்கள். ஆக்டோபஸ் பதிவை நான் அழிக்கவில்லை, நிர்வாகிதான் நீக்கினார்.

அலைமேகம்: நிர்வாகி யாருடைய கூட்டாளி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

முத்துக்குளி: வெப்பத்தைப் பற்றி யாருமே பேச மாட்டீர்களா?

அலைமேகம்: அதற்குத் தனித் திரி தொடங்குங்கள். இது கிளிமீன் திரி. இன்னும் பதில் வரவில்லை, காத்திருக்கிறேன்.