எல்சாட் தர்க்கப் பிழைக் கேள்விகள்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

எல்சாட்டில் (அமெரிக்கா, கனடா சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் (நிபந்தனைகளை வெச்சு வரிசை, குழு அமைக்கிற புதிர்ப் பகுதி) கிடையாது. மதிப்பெண்ணுக்குக் கணக்காகும் லாஜிக்கல் ரீசனிங் (சின்ன வாதங்களை அலசுற) பகுதி இரண்டாயிடுச்சு. அதனால "இந்த வாதத்தில் என்ன பிழை?" வகைக் கேள்விகளுக்கு முன்னைவிட மதிப்பு அதிகம்.

நான் பயிற்சிக்கு எழுதிப் பார்த்த ஒரு வாதம்: "விபத்தில் சிக்கும் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் நீண்ட அனுபவம் உள்ளவர்கள். ஆகவே அனுபவம் கூடக்கூட விபத்து வாய்ப்பும் கூடுகிறது." படிச்சதுமே ஏதோ இடிக்கும். அந்த உறுத்தலோட மட்டும் விடைகளுக்குப் போனா ஐந்துமே சரின்னு தோணும். கொஞ்சம் நின்னு யோசிங்க. சாலையில் ஓட்டுறவங்களிலேயே பெரும்பாலோர் அனுபவசாலிகள்னா, விபத்திலும் அவங்கதானே அதிகம் இருப்பாங்க? அந்த ஒப்பீடு வாதத்தில் இல்லை. இதைச் சொந்த வார்த்தையில் சொன்ன பிறகுதான் விடைகளைப் பார்ப்பேன்.

ஒவ்வொரு விடைக்கும் இரண்டு சோதனை. வாதம் உண்மையிலேயே இதைச் செய்யுதா? செஞ்சாலும், முடிவு கெடுறது அதனாலதானா? "மிகச் சிலரை வைத்துப் பொதுமைப்படுத்துகிறது" முதல் சோதனையிலேயே விழுந்திடும். எத்தனை பேர்னு வாதம் சொல்லவே இல்லை. "விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதைப் பேசவில்லை" முதலாவதைத் தாண்டும், இரண்டாவதில் நிக்காது. அனுபவம் மட்டுமே காரணம்னு யாரும் சொல்லலையே.

பதில் 1

அருமையா சொன்னீங்க. என்னைப் பாடாப் படுத்துறது நிபந்தனை வாதங்கள். "அனுமதிச் சீட்டு இல்லாமல் ஆய்வகத்துக்குள் போக முடியாது. அவரிடம் சீட்டு இருக்கிறது. ஆகவே அவர் போகலாம்." தேவையானதை (சீட்டு இல்லாம முடியாது) போதுமானதா (சீட்டு மட்டும் இருந்தா போதும்) எடுத்துக்கிட்டதுதான் பிழை. சிக்கல் என்னன்னா, அதையே தலைகீழாக்கி, "போதுமானதைத் தேவையானதாகக் கொள்கிறது"ன்னு இன்னொரு விடையும் பக்கத்திலேயே இருக்கலாம். ஒரு பகுதிக்கு 35 நிமிஷம்தான்ங்கிற அவசரத்தில் இரண்டும் ஒண்ணு போலத் தெரியும். விடையோட பொதுச் சொற்களுக்குப் பதிலா "சீட்டு", "உள்ளே போவது"ன்னு போட்டுப் படிச்சா உடனே பிரிஞ்சிடும்.

பதில் 2

ஒண்ணு சேர்க்கணும். ஆதாரத்தோட மல்லுக்கட்டக் கூடாது. என்னோட படிச்ச ஒருத்தர் மருத்துவத் துறை. மருந்து பற்றிய வாதம் வந்தா "இந்தத் தகவலே தப்பு"ன்னு அங்கேயே நின்னுடுவார். எல்சாட் கேட்கிறது அதை இல்லை. ஆதாரத்தை அப்படியே ஒத்துக்கிட்டு, அதிலிருந்து முடிவுக்குத் தாவுற இடத்தைத்தான் பார்க்கணும்.

மறுபார்வையில், தப்பான விடை ஒவ்வொண்ணுக்கும் அது பொருந்தும்படி ஒரு வாதம் எழுதுவேன். "மறுப்பு நிரூபிக்கப்படாததால் கூற்று உண்மை என்கிறது"ன்னு ஒரு விடை இருந்தா, "இந்தச் செடி நஞ்சு என்று யாரும் காட்டவில்லை, எனவே இது பாதுகாப்பானது"ன்னு எழுதி வைப்பேன். நேரம் பிடிக்கும், ஆனா அடுத்த தாளில் அதே விடை வரும்போது தேட வேண்டியிருக்காது.