ஆர்எக்ஸ் 100 சேஸிக்குக் கட்டுப்படியாகும் விலையில் பவுடர் கோட்டிங்: பூசிய ஸ்டாண்ட் தாள் தாளாக உரிகிறது, உதவி தேவை

முத்துநகர்வாசி (தூத்துக்குடி)

வணக்கம். 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றை முழுவதுமாகப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் வேலை முடிந்துவிட்டது, அடுத்தது சேஸி. எங்கள் ஊரின் உப்புக் காற்றுக்குச் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் நீண்ட நாள் நிற்பதில்லை என்பதால் பவுடர் கோட்டிங் (உலர்ந்த பெயின்ட் தூளைத் தெளித்து, ஓவனில் உருக்கி இறுகவைக்கும் பூச்சு) செய்ய முடிவெடுத்திருக்கிறேன்.

தரம் பார்ப்பதற்காக முதலில் சென்டர் ஸ்டாண்டையும் பேட்டரி வைக்கும் தகட்டுப் பெட்டியையும் மட்டும், ஜன்னல் கிரில்லுக்குப் பூசும் ஓர் உள்ளூர்ப் பட்டறையில் கொடுத்தேன். கைக்கு வந்தபோது இரண்டும் பளபளவென்று இருந்தன. மழைக்காலம் முடிவதற்குள் ஸ்டாண்டின் வெல்டிங் ஓரங்களில் கொப்புளம் கிளம்பிவிட்டது. நகத்தால் நெம்பினால் பூச்சு தாள் தாளாக வருகிறது. அடியில் பழுப்புத் துரு, சில இடங்களில் பழைய கறுப்புப் பெயின்டும் தெரிகிறது. ஆனால் அதே நாளில் அதே ஓவனில் வெந்த பேட்டரிப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

சேஸி, ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை), இரண்டு ஸ்டாண்டுகள், சிறு பிராக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதே பட்டறையில் 2,000 ரூபாய் சொல்கிறார்கள். மதுரையில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் ஓர் இடத்தில் 9,500 கேட்டார்கள். இந்த வித்தியாசம் எதற்கு என்று புரியவில்லை. ஒரு ஸ்டாண்ட் மட்டும் ஏன் உரிந்தது? தரம் கெடாமல் செலவைக் குறைக்க வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பூச்சுப் பட்டறைக்காரர் (கோவை)

தம்பி, பெட்டி நிற்கிறது, ஸ்டாண்ட் உரிகிறது என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பாலியெஸ்டர் பவுடர் பெரும்பாலும் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் பத்துப் பதினைந்து நிமிடம் வேக வேண்டும். அந்த வெப்பம் ஓவனுக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் அல்ல, இரும்பின் வெப்பம். கிரில் பட்டறையில் மெல்லிய தகட்டுக்கும் சதுரக் குழாய்க்கும் ஏற்றபடி நேரம் வைத்திருப்பார்கள். உங்கள் பேட்டரிப் பெட்டி மெல்லிய தகடு, சீக்கிரம் சூடேறியிருக்கும். ஸ்டாண்ட் கனமான இரும்பு. அது சூடேறி முடிப்பதற்குள் வெளியே எடுத்திருப்பார்கள். பவுடர் உருகிப் பளபளக்கும், ஆனால் உள்ளே இறுகியிருக்காது.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் துணியை அசிட்டோனில் நனைத்து, உரியாத இடத்தில் அழுத்தி இருபது முப்பது முறை தேயுங்கள். நன்றாக வெந்த பூச்சு கொஞ்சம் மங்கலாம், அவ்வளவுதான். வேகாத பூச்சு பிசுபிசுத்துத் துணியில் கறுப்பாக இறங்கும். பெட்டியிலும் இதையே செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் அடியில் பழைய பெயின்ட் தெரிகிறது என்பது வேறு கதை. அதற்கு ஓவன் காரணம் அல்ல. சுத்தம் செய்யாமலேயே பூசியிருக்கிறார்கள். துருவின் மேல் பூசினால் எந்தப் பவுடரும் நிற்காது.

முத்துநகர்வாசி

சோதனை செய்தேன் அண்ணா. ஸ்டாண்டில் துணி கறுத்துவிட்டது. பெட்டியில் ஒன்றும் இறங்கவில்லை. நீங்கள் சொன்ன இரண்டு குறையும் ஸ்டாண்டில் இருக்கின்றன.

அந்தப் பட்டறையில் கேட்டபோது "ஏழு தொட்டி முறை எங்களிடம் இருக்கிறது, சேஸியை அதில் போட்டு எடுத்தால் போதும்" என்கிறார்கள். அதை நம்பலாமா? துறைமுகம் பக்கம் சேண்ட் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணல் துகளை அடித்துத் துருவையும் பெயின்டையும் எடுப்பது) செய்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கொடுத்துச் சுத்தம் செய்தால் மலிவாக முடியுமா?

பூச்சுப் பட்டறைக்காரர் (கோவை)

ஏழு தொட்டி முறையில் தவறில்லை. எண்ணெய் நீக்கி, கழுவி, அமிலத்தில் துரு எடுத்து, கழுவி, பாஸ்பேட் ஏற்றி, மறுபடி கழுவி, கடைசியில் துரு பிடிக்காமல் காக்கும் செயலிழப்புக் கரைசல். தகட்டுக்கு அருமையான முறை. ஆனால் வண்டிச் சேஸி மூடிய குழாய். வெல்டிங் சந்திலும் சிறு துளைகளிலும் அமிலம் உள்ளே புகுந்தால் கழுவி எடுக்க முடியாது. பூசி முடித்த பிறகு அது மெல்லக் கசிந்து உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பூச்சு நன்றாகத்தான் இருக்கும், குழாய்தான் போய்விடும். ஆகவே சேஸியை அமிலத் தொட்டியில் இறக்கவே வேண்டாம். ஸ்டாண்ட் ஸ்பிரிங்கையும் இறக்காதீர்கள்; கடின எஃகு அமிலத்தில் ஹைட்ரஜனை உறிஞ்சி, பிறகு பட்டென்று ஒடியும்.

சேஸிக்கு பிளாஸ்டிங்தான். ஆனால் துறைமுகம் பக்கம் கொடுக்கும் முன் என்ன மணல் என்று கேளுங்கள். கப்பல், பாலம், தொட்டி போன்ற வேலைகளுக்குக் கனமான பெயின்ட் அடிப்பார்கள். அதற்காகப் பெரிய துகளால் அடித்து இரும்பைச் சொரசொரவென்று ஆக்குவார்கள். நாங்கள் ஏற்றும் பவுடரின் கனம் 60 முதல் 80 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). இரும்பில் எழும்பிய முனைகளே அந்த உயரத்துக்கு இருந்தால் முனைகள் பூச்சைத் தாண்டி வெளியே நிற்கும். ஊசி முனை அளவுக்குத் துருப் புள்ளிகள் கிளம்பும். கார்னெட் என்ற கனிமத்தின் நுண்ணிய துகளால் குறைந்த அழுத்தத்தில் அடிக்கச் சொல்லுங்கள். உலர்ந்த ஆற்று மணலால் வீட்டிலோ திறந்த வெளியிலோ அடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். அந்தத் தூசியால் நுரையீரல் போகும், போனால் திரும்பாது.

இன்னொன்று. பிளாஸ்டிங் முடிந்த இரும்புக்குத் தோல் இல்லை. தூத்துக்குடி ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் துரு படிந்துவிடும். அங்கே அடித்து, பஸ்ஸில் மதுரைக்கு எடுத்துப் போய், மறுநாள் பூசுவது வீண் செலவு. அடிப்பதும் பூசுவதும் ஒரே வளாகத்தில் நடக்கும் இடமாகப் பாருங்கள். மதுரை கப்பலூர், திருச்சி துவாக்குடி தொழிற்பேட்டைப் பக்கம் விசாரியுங்கள். 9,500-க்கும் 2,000-க்கும் இடையே இருக்கும் தொகையில் பெரும்பகுதி பூச்சுக்கு அல்ல, இந்தச் சுத்தத்துக்குத்தான்.

லேத் மேஸ்திரி (மதுரை)

பூசி வந்த சேஸிகள் எங்கள் பட்டறைக்குத்தான் கடைசியில் வந்து நிற்கின்றன, அதனால் சொல்கிறேன். கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) கிண்ணம் உட்காரும் இடம், ஸ்விங் ஆர்ம் புஷ் துளை, எல்லா மரைகளும் பூசும்போது மூடியிருக்க வேண்டும். ஒரு பக்கம் 70 மைக்ரான் என்றால் துளையின் விட்டத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு குறையும், புஷ் ஏறாது. ஏறவில்லை என்று சுத்தியலால் அடிக்கிறார்கள், பூச்சு வாய்ப்பகுதியில் விரிசல் விடுகிறது, தண்ணீர் அங்கே நுழைகிறது.

எஞ்சின் போல்ட் உட்காரும் முகங்களிலும் பூசவிடாதீர்கள். அந்தப் பூச்சு அழுத்தத்தில் மெல்ல நசுங்கும். நசுங்கினால் நட்டு தளரும். ஆர்எக்ஸ் அதிர்வுக்கு அது நல்லதல்ல.

வெப்பம் தாங்கும் சிலிகான் அடைப்பானும் பச்சை நிற பாலியெஸ்டர் டேப்பும் கேளுங்கள். சாதாரணக் காகித டேப் ஓவனில் கருகி ஒட்டிக்கொள்ளும். எங்கெங்கே மூட வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, படம் எடுத்து, அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.

முக்கியமாக சேஸி எண். பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கும்போது அந்த எண்ணைப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். அதன்மேல் கனமான பூச்சு ஏறினால் அச்சு விழாது. சுரண்டப் போனால் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகப்படுவார்கள். அந்த இடத்தை டேப் போட்டு மூடி, பிறகு மெல்லிய கறுப்புப் பெயின்ட் ஒரு கை மட்டும் கொடுங்கள். பிளாஸ்டிங்கிலும் அந்த இடத்தை மூடச் சொல்லுங்கள்.

பழைய வண்டிப் பிரியர் (சென்னை)

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கடலோர ஊரில் சேஸிக்குப் பவுடர் கோட்டிங் தேவையே இல்லை என்பேன். கல் பட்டு ஓர் இடத்தில் சில்லு பெயர்ந்தால் ஈரம் பூச்சுக்கு அடியிலேயே ஓடும்; வெளியே தெரியும்போது உள்ளங்கை அளவுக்குத் துரு பரவியிருக்கும். வீட்டில் தொட்டுப் பூசிச் சரிசெய்யவும் முடியாது. எபாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து அதன்மேல் இரண்டு பாகமாகக் கலக்கும் பி.யு. (பாலியூரிதேன்) பெயின்ட் கொடுத்தால் சிறு கீறலைத் தூரிகையாலேயே மூடிவிடலாம். வெல்டிங்கில் பிற்பாடு விரிசல் வந்தாலும் மெல்லிய பெயின்டில் சீக்கிரம் தெரியும். அம்பத்தூர்ப் பக்கம் மலிவாகப் பூசிக்கொண்டு வந்து, மறுபடி உரித்து எடுக்கப் பாடுபட்ட நண்பர்கள் எனக்கு உண்டு.

பூச்சுப் பட்டறைக்காரர் (கோவை)

சென்னை நண்பர் சொல்வதை மறுக்க மாட்டேன். பி.யு. நல்ல பூச்சுதான், சரிசெய்வதும் எளிது. ஆனால் அதற்கும் இதே பிளாஸ்டிங், இதே சுத்தம் வேண்டும். அதோடு அடிக்கிறவரின் கையும் நன்றாக இருக்க வேண்டும். ஸ்டாண்ட், ஸ்விங் ஆர்ம் போன்ற அடிபடும் பாகங்களில் நன்றாக வெந்த பவுடர் தாங்கும் அளவுக்குப் பெயின்ட் தாங்குவதில்லை. கடலோரம் என்பதால் துத்தநாகம் கலந்த பிரைமர் பவுடரை முதலில் ஏற்றி, அதை அரைவேக்காட்டில் எடுத்து, மேலே பாலியெஸ்டர் கொடுக்கச் சொல்லுங்கள். கூடுதல் செலவு செய்வதாக இருந்தால் இதற்குச் செய்யுங்கள்.

மேல் பூச்சுக்கு எபாக்ஸி பவுடரோ எபாக்ஸி கலந்ததோ வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்கு அது போதும். வெயிலில் நின்றால் சுண்ணாம்புபோல வெளுத்துவிடும். பவுடர் வரும் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

சேலம் ரைடர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பவுடர் கோட்டிங் முடித்து என் வண்டியை முழுவதும் பூட்டிவிட்டேன். பிளக்கில் பொறியே வரவில்லை. காயில், பிளக் எல்லாம் புதியவை. இதற்கும் பூச்சுக்கும் தொடர்பு இருக்குமா?

லேத் மேஸ்திரி (மதுரை)

இருக்கும். பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. இக்னிஷன் காயில் சேஸியில் போல்ட் ஆகும் இடத்திலும், எர்த் கம்பி உட்காரும் இடத்திலும் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். பூட்டிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். ஹாரனும் இண்டிகேட்டரும் மங்கலாக வேலை செய்தால் அதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

சேலம் ரைடர்

சுரண்டியதும் பொறி வந்துவிட்டது. மிக்க நன்றி மேஸ்திரி.

முத்துநகர்வாசி

எல்லோருக்கும் நன்றி. கப்பலூரில் பிளாஸ்டிங்கும் பூச்சும் ஒரே இடத்தில் செய்பவர்களைக் கண்டுபிடித்துப் பேசினேன். துத்தநாக பிரைமரோடு 6,200 ரூபாய் சொல்கிறார்கள். இதைக் குறைக்க முடியுமா? மட்கார்டு குரோமும் பொரிந்திருக்கிறது. அதையும் கறுப்பாகப் பூசிவிடலாம் என்று பார்க்கிறேன். பெட்ரோல் டேங்கில் முன்பு ஈயப் பற்று வைத்து ஓட்டை அடைத்திருக்கிறார்கள். எஞ்சின் பக்கக் கவர்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொடுத்துவிடவா?

பூச்சுப் பட்டறைக்காரர் (கோவை)

டேங்கைக் கொடுக்காதீர்கள். ஈயப் பற்று ஓவன் சூட்டில் உருகி ஓட்டை திறந்துகொள்ளும். பட்டி வைத்த பாகமும் அப்படித்தான், பொருமி வெடிக்கும். உள்ளே பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்தால் ஓவன் அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. டேங்குக்குப் பெயின்ட்தான்.

மட்கார்டில் குரோமை முழுவதும் எடுத்தாக வேண்டும். குரோமின் வழவழப்பில் பவுடர் பிடிக்காது. அது தனிச் செலவு. மறுபடி குரோம் பூசுவதற்கு என்ன ஆகும் என்று கேட்டு ஒப்பிடுங்கள். வண்டிக்கு அதுதான் பழைய முகம்.

எஞ்சின் கவர் வார்ப்பு அலுமினியம். பல ஆண்டு எண்ணெய் அதன் நுண்துளைகளில் ஊறியிருக்கும். பூசி ஓவனில் வைத்தால் அந்த ஆவி குமிழாக வெளியே வரும். பூசுவதற்கு முன்பே வெறும் கவரைப் பூச்சு வேகும் சூட்டைவிடச் சற்று அதிகச் சூட்டில் ஒருமுறை வாட்டி எடுக்க வேண்டும். அவர்கள் அதைச் செய்வார்களா என்று கேளுங்கள். மாட்டோம் என்றால் பாலிஷ் போட்டுவிடுங்கள்.

விலைக்கு வருகிறேன். பவுடர் 20, 25 கிலோ பெட்டியாகத்தான் வரும். தனி நிறம் கேட்டால் உங்களுக்காக ஒரு பெட்டி திறக்க வேண்டும். நிறம் மாற்றும்போது பவுடர் தெளிக்கும் பூத், துப்பாக்கி எல்லாம் கழுவ வேண்டும். ஆகவே "உங்களிடம் பளபளப்புக் கறுப்பு ஓடும் நாளில் சேர்த்துப் பூசுங்கள், அவசரம் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். ஆர்எக்ஸ் சேஸி கறுப்புதானே. பழைய பெயின்டை ரிமூவர் போட்டு நீங்களே எடுத்து, கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சோப்புத் தண்ணீரில் மறுபடி கழுவிக் காயவைத்துக் கொண்டு போங்கள். மண்ணெண்ணெயோடு நிறுத்தினால் அதன் படலமே பூச்சைத் தூக்கிவிடும். ரப்பர், புஷ், பேரிங் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. பிளாஸ்டிங் நேரம் குறையும், தொகையும் குறையும்.

ஸ்டாண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஹேண்டில்பார் பூட்டும் சேஸியின் தலைக் குழாயும் கனமான இரும்புதான். "கனமான இடத்தின் சூட்டைப் பார்த்து நேரத்தை எண்ணுங்கள்" என்று ஓவன் பார்ப்பவரிடமே நேரில் சொல்லுங்கள். முன் அலுவலகத்தில் சொன்னால் அது உள்ளே போய்ச் சேராது.

முத்துநகர்வாசி

பேசிவிட்டேன் அண்ணா. பெயின்டை நானே எடுத்துக் கொண்டுவந்தால் 5,000-க்குச் செய்கிறோம் என்கிறார்கள். டேங்கும் கவரும் மட்கார்டும் வீட்டிலேயே இருக்கட்டும். மூட வேண்டிய இடங்களைக் குறித்துப் படம் எடுத்து இன்று இரவு இங்கே போடுகிறேன். மேஸ்திரி, ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.

லேத் மேஸ்திரி (மதுரை)

போடுங்கள் தம்பி. ஸ்டீயரிங் லாக் துளையையும் சைடு ஸ்டாண்ட் போல்ட் துளையையும் மறக்காமல் குறியுங்கள். பெரும்பாலும் அந்த இரண்டுதான் விட்டுப்போகும்.